கறுப்புப் பட்டையைப் போடச் சொல்வது யார்?

கேள்வி: டோக்கியோ நிஷிகசாயில் இருக்கிறேன். மென்பொருள் நிறுவனத்தில் வேலை, பொறியாளர் விசா. கணவரும் மகளும் என் விசாவை ஒட்டி வந்தவர்கள். அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் ஜப்பானியத் தோழியும் நானும் சேர்ந்து, எங்களுக்குப் பிடித்த ஒரு கேமில் வரும் இரண்டு ஆண் கதாபாத்திரங்களை வைத்து, பெரியவர்களுக்கான ரசிகர் காமிக்ஸ் ஒன்று வரைந்திருக்கிறோம். ரசிகர் காமிக்ஸ் விற்கும் பெரிய சந்தையான காமிகெட்டில் டிசம்பருக்கு மேசை கிடைத்துவிட்டது. ஆனால் அச்சகம் இரண்டு பக்கங்களைத் திருப்பி அனுப்பி, பிறப்புறுப்பை மறைத்தது போதவில்லை, கறுப்புப் பட்டையைப் பெரிதாக்குங்கள் என்கிறது. தணிக்கை கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கும் நாட்டில் அச்சகத்துக்கு ஏன் இந்த வேலை? அடுத்தவர் கதாபாத்திரத்தை வரைவதே தப்பு என்றும் சிலர் சொல்கிறார்கள். இதோடு, சொந்தக் கதையில் ஒரு சிறிய கேமும் செய்துகொண்டிருக்கிறோம். அதை மறைப்பே இல்லாமல் வெளிநாட்டுத் தளத்தில் விற்கலாமா? பொங்கலுக்கு மதுரைக்குப் போகும்போது இதெல்லாம் லேப்டாப்பில் இருந்தால் சிக்கலா? விசாவுக்கு ஆபத்து வந்துவிடும் என்று கணவர் பயப்படுகிறார்.
— பெயர் வேண்டாம், டோக்கியோ

பதில்: முதல் வேலையாக அந்த இரண்டு பக்கத்தையும் அச்சகம் கேட்டபடி திருத்தி அனுப்பிவிடுங்கள். நியாயம் பேச டிசம்பருக்குப் பிறகு நேரம் இருக்கிறது, அச்சகத்தின் கெடு காத்திருக்காது. நான் வழக்கறிஞர் இல்லை. ஜப்பானில் வெளியாகப் போகும் கேம்களும் காமிக்ஸும் விதிகளுக்குள் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துக் கொடுப்பது என் தொழில். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். வழக்கு, விசாரணை என்று ஏதாவது வந்தால் வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும்.

அரசியல் சட்டம் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். 1947இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 21ஆம் பிரிவு கருத்துரிமையைத் தருகிறது, தணிக்கை கூடாது என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனால் தணிக்கை என்பது எது என்று 1984இல் உச்ச நீதிமன்றம் ஒரு சுங்க வழக்கில் ரொம்பக் குறுக்கி வரையறுத்துவிட்டது. அரசு நிர்வாகம், ஒரு படைப்பு வெளிவருவதற்கு முன்பே அதைப் பரிசீலித்து, தகாதது என்று பட்டால் வெளியிட விடாமல் தடுப்பது. அது மட்டும்தான் தணிக்கை. அச்சகம் அரசு அல்ல. காமிகெட் நடத்தும் குழுவும் அரசு அல்ல. போலீஸ் அரசுதான், ஆனால் அவர்கள் புத்தகம் வெளிவந்த பிறகுதான் வருவார்கள். ஆக, உங்களை பட்டை போட வைக்கும் யாருமே அந்த வரையறைக்குள் சிக்குவதில்லை.

இன்னொரு பக்கம், 1907இல் இயற்றிய குற்றவியல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன் 175ஆம் பிரிவு ஆபாசமான எழுத்தையும் படத்தையும் பரப்புவதைக் குற்றமாக்குகிறது. 2011இல் மின்னணுப் பதிவுகளையும் அதில் சேர்த்தார்கள். தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 25 லட்சம் யென் வரை அபராதம், அல்லது இரண்டும். விற்பதற்காக வைத்திருந்தாலும் குற்றம். பெரியவர்களுக்கு மட்டுமே விற்றேன், வாங்கியவர் விரும்பித்தான் வாங்கினார் என்பதெல்லாம் இந்தப் பிரிவில் எடுபடாது. வயது பார்த்து விற்பது வேறு விதிகளுக்காக. 175க்கு வாங்குபவரின் வயது ஒரு பொருட்டே இல்லை.

சரி, எது ஆபாசம்? பிரிவில் அதற்கு விளக்கம் கிடையாது. டி. எச். லாரன்ஸின் லேடி சாட்டர்லி நாவலை மொழிபெயர்த்த இத்தோ சேய் மீதான வழக்கில் 1957இல் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்று வரை அளவுகோல்: காம உணர்ச்சியைத் தேவையில்லாமல் தூண்ட வேண்டும், சாதாரண மனிதரின் கூச்ச உணர்வைப் புண்படுத்த வேண்டும், நல்ல பாலியல் ஒழுக்கத்துக்கு எதிராக இருக்க வேண்டும். இத்தோ சேய்க்கு 1 லட்சம் யென் அபராதம் விழுந்தது. வேடிக்கை என்னவென்றால், வெட்டப்பட்ட பகுதிகளைத் திரும்பச் சேர்த்து அந்த மொழிபெயர்ப்பு 1996இல் கடைக்கு வந்தபோது யாரும் அசையவில்லை. 1991இல் ஷினோயாமா கிஷினின் நிர்வாணப் புகைப்படத் தொகுப்புகள் வந்தபோதும் இப்படித்தான். அதுவரை அந்தரங்க முடி ஒன்று தெரிந்தாலே பறிமுதல் என்றிருந்தது, போலீஸ் வழக்குப் போடாமல் விட்டதும் அந்தக் கோடு தானாக நகர்ந்துவிட்டது. பிரிவின் வாசகம் அப்படியே இருந்தது. மாறியது போலீஸின் பொறுமை.

மொசைக் (படத்தைக் கட்டம் கட்டமாகக் கலைப்பது), கறுப்புப் பட்டை, வெள்ளைப் பூச்சு எதைப் பற்றியும் சட்டத்தில் ஒரு சொல் இல்லை. பிறப்புறுப்பை மறைத்தால் போலீஸ் வராமல் இருக்க வாய்ப்பு அதிகம் என்று தொழிலில் இருப்பவர்கள் பல பத்தாண்டுகளாக அனுபவத்தில் கற்றுக்கொண்ட வழக்கம் அது. எவ்வளவு மறைத்தால் போதும் என்று எந்த அலுவலகத்திலும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். உங்கள் அச்சகத்துக்கும் அது தெரியாது. அதனால் தான் பயப்படும் அளவுக்குப் பட்டை கேட்கிறது.

அந்தப் பயத்துக்கு ஒரு தேதி உண்டு. 2002இல் ஷோபுன்கான் என்ற பதிப்பகத்தின் ஒரு காமிக்ஸ் தொகுப்பு போலீஸ் கையில் சிக்கியது. மகனிடம் இருந்த அந்தப் புத்தகத்தைப் பார்த்து அதிர்ந்த ஒரு தகப்பனார் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்குக் கடிதம் எழுத, அவர் போலீஸுக்கு அனுப்ப, வழக்கு அங்கிருந்து தொடங்கியது. அதில் மறைப்பு இல்லாமல் இல்லை. மெல்லிய வலைப்பூச்சு இருந்தது, அது போதாது என்பதுதான் குற்றச்சாட்டு. வரைந்தவரும் பதிப்பாசிரியரும் தலா 5 லட்சம் யென் அபராதம் கட்டி ஒதுங்கிவிட்டார்கள். பதிப்பகத்தின் தலைவர் மட்டும் போராடினார். 2004இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவருக்கு நிறுத்தி வைக்கப்பட்ட ஓராண்டுச் சிறைத் தண்டனை கொடுத்தது. 2005இல் உயர் நீதிமன்றம் அதை 15 லட்சம் யென் அபராதமாகக் குறைத்தது. நிஜ மனிதரைப் படம் பிடிப்பதும் கோட்டோவியமும் ஒன்றல்ல என்பதை அது கணக்கில் எடுத்தது. 2007இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. வெறும் காமிக்ஸுக்காக இந்தப் பிரிவில் நடந்த முதல் விசாரணை அது. அந்த ஒரு வழக்கில் ஜப்பான் முழுக்கப் பட்டைகள் தடித்தன. 2013இல் வேறொரு நிறுவனத்தின் பதிப்பாசிரியர்கள் போதாத மறைப்புக்காகக் கைதானபோது இன்னொரு சுற்றுத் தடித்தன.

உங்கள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். வெளியீட்டு நாள், உங்கள் சர்க்கிள் (ரசிகர் குழு) பெயர், தொடர்பு முகவரி, அதோடு அச்சகத்தின் பெயர். ரசிகர் காமிக்ஸில் இந்தப் பக்கம் கட்டாயம். போலீஸ் ஒரு பிரதியை எடுத்தால் முதலில் படிப்பது அதைத்தான். இரண்டு பக்கத்தைத் திருப்பி அனுப்பியவர் உங்கள் கலையைக் குறை சொல்லவில்லை, தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிறார். அவர் நிலையில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

காமிகெட்டுக்கும் இதே கதை, இன்னும் கொஞ்சம் வலி சேர்ந்தது. 1975 டிசம்பர் 21இல் 32 சர்க்கிள்களும் சுமார் 700 பேருமாகத் தொடங்கிய கூட்டம், 2019 டிசம்பரில் நான்கு நாளில் 7.5 லட்சம் பேரைப் பார்த்தது. நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. 1989இல் சிறுமிகளைக் கொன்ற ஒருவன் பிடிபட்டபோது அவன் அறையில் இருந்த வீடியோக்களும் காமிக்ஸும் தொலைக்காட்சியில் ஓடின, ரசிகர்கள் எல்லோருமே சந்தேகத்துக்கு ஆளானார்கள். அடுத்த ஆண்டு வாக்காயாமா மாகாணத்தின் தனாபே நகரிலிருந்து கிளம்பிய 'தீங்கான காமிக்ஸ்' எதிர்ப்பு நாடு முழுக்கப் பரவியது. 1991இல் ரசிகர் காமிக்ஸ் விற்ற கடைக்காரர்கள் கைதானார்கள், மகுஹாரி அரங்கம் காமிகெட்டுக்கு இடம் தர மறுத்தது. காமிகெட் குழு அவசர அவசரமாக ஹருமி அரங்கத்துக்கு மாற வேண்டியிருந்தது. அப்புறம்தான் இன்று நீங்கள் பார்க்கும் நடைமுறைகள் இறுகின.

ஆகவே காமிகெட் அன்று காலையில் ஒரு மாதிரிப் பிரதியை நீங்கள் ஒப்படைக்க வேண்டும், நடத்துபவர்கள் புரட்டிப் பார்ப்பார்கள். மறைப்பு போதவில்லை என்றால் அங்கேயே விற்பனை நிற்கும். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து மார்க்கரால் ஒவ்வொரு பிரதியிலும் பட்டை போட்ட சர்க்கிள்கள் உண்டு. 200 பிரதி என்றால் யோசித்துப் பாருங்கள். அட்டையில் பெரியவர்களுக்கானது என்ற குறி தெளிவாக இருக்கட்டும். சின்ன முகமாகத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஜப்பானியர்கள் அதைத் தவறாக நினைக்க மாட்டார்கள்.

அடுத்தவர் கதாபாத்திரம் பற்றி. இதில் உங்களை யாரோ தேவைக்கு மேல் பயமுறுத்தியிருக்கிறார்கள். பதிப்புரிமை மீறல் ஜப்பானில் பெரும்பாலும் உரிமையாளர் புகார் கொடுத்தால்தான் வழக்காகும். புத்தகத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவது பல நிறுவனங்களின் வழக்கம், ரசிகர்களும் அந்த மௌனத்துக்குள்தான் வாழ்கிறார்கள். டிபிபி வணிக ஒப்பந்தத்துக்காகப் புகார் இல்லாமலே வழக்குப் போடும் விதி வரப்போகிறது என்றபோது எல்லோரும் நடுங்கினார்கள். கடைசியில் 2018 டிசம்பர் 30இல் அமலுக்கு வந்த திருத்தம், மூலத்தை அப்படியே நகலெடுத்து விற்கும் திருட்டுப் பதிப்பு போன்றவற்றுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது, ரசிகர் காமிக்ஸ் வெளியே நின்றது. 2020இல் அறிவுசார் சொத்து உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. ரசிகர் காமிக்ஸைத் திருடி இணையத்தில் போட்ட ஒரு தளம், 'அதுவே மீறல்தானே, அதற்கு என்ன உரிமை' என்று வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. வரைந்தவருக்குச் சுமார் 22 லட்சம் யென் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

ஆனால் மௌனம் அனுமதி ஆகிவிடாது. 1999இல் போகேமான் கதாபாத்திரங்களை வைத்துப் பெரியவர்களுக்கான காமிக்ஸ் வரைந்து விற்ற ஒரு பெண், நிண்டெண்டோ புகார் கொடுத்ததால் கைதாகி 1 லட்சம் யென் அபராதம் கட்டினார். அதே காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வேறு படைப்புகளை வைத்து அதையே செய்துகொண்டிருந்தார்கள். குழந்தைகளுக்கான சின்னம், நிஜ மனிதர் அல்லது நிஜ உயிரோடு தொடர்புள்ள பெயர் என்றால் உரிமையாளர் சும்மா இருக்க மாட்டார். உமா முசுமே என்ற கேமின் நிறுவனம் பாலியல் சித்திரிப்பு கூடாது என்று ரசிகர்களுக்கான விதியிலேயே எழுதி வைத்திருக்கிறது, காரணம் அதில் வரும் பெயர்கள் நிஜப் பந்தயக் குதிரைகளின் பெயர்கள், அவற்றுக்கு நிஜ உரிமையாளர்கள் இருக்கிறார்கள். எனவே உங்கள் கேம் நிறுவனத்தின் ரசிகர் படைப்பு விதிகளை இன்றே எடுத்துப் படியுங்கள். பெரியவர்களுக்கானது கூடாது என்று ஒரு வரி இருந்தால், அச்சடிக்காதீர்கள். அப்படி இல்லை, அச்சடிக்கும் எண்ணிக்கையும் சிறியது என்றால் நிம்மதியாகத் தூங்கலாம்.

இனி உங்கள் சொந்த கேம். இந்தத் துறைக்குத் தனி வரலாறு. 1991இல் கியோட்டோவில் ஒரு பள்ளி மாணவன் பெரியவர்களுக்கான கேம் ஒன்றைக் கடையில் திருடி மாட்டிக்கொண்டான். போலீஸ் திருட்டோடு நிற்காமல் கேமைச் செய்தவர்கள் வரை போனது. நிறுவனத் தலைமை கைதானது. அடுத்த ஆண்டே, 1992இல், கேம் நிறுவனங்கள் சேர்ந்து கணினி மென்பொருள் நெறிமுறை அமைப்பு ஒன்றைத் தொடங்கின. ஜப்பானில் அதைச் சுருக்கமாக சோஃபுரின் என்பார்கள். அவர்கள் பார்த்து ஒட்டிய முத்திரை பெட்டியில் இல்லாவிட்டால் கடைக்காரர் அலமாரியில் வைக்க மாட்டார். அரசு கட்டளை இல்லை, சட்டமும் இல்லை, ஆனால் முத்திரை இல்லாமல் வியாபாரம் இல்லை. கதாபாத்திரங்கள் எல்லோரும் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் என்று கேம் தொடக்கத்தில் வரும் அறிவிப்பு இந்த ஒழுங்கிலிருந்து வந்தது. பள்ளிச் சீருடையில் இருக்கும் பெண்ணுக்குக்கூட அந்த அறிவிப்பைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அதில் மரியாதை கிடையாது.

2009இல் இந்தச் சுயக்கட்டுப்பாட்டின் வரம்பு தெரிந்தது. யோகோஹாமா நிறுவனம் ஒன்று 2006இல் வெளியிட்ட, பாலியல் வன்முறையையே விளையாட்டாக்கிய ஒரு கேம் அமேசானில் தென்பட, ஈக்வாலிட்டி நவ் என்ற பெண்ணுரிமை அமைப்பு உலகளவில் குரல் எழுப்பியது. சோஃபுரின் அந்த வகைக் கேம்களுக்கு உறுப்பினர்களிடையே தடை போட்டது. ஜப்பானிய நீதிமன்றம் எதுவும் அதில் தலையிடவே இல்லை.

உங்களைப் போன்ற சிறிய குழுக்கள் சோஃபுரினுக்குப் போக வேண்டியதில்லை. டிஎல்சைட், ஃபான்சா போன்ற தளங்களே வெளியீட்டுக்கு முன் ஆள் வைத்துப் பார்க்கின்றன. டிஎல்சைட்டின் விதியை உங்கள் தோழி கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்: மொசைக் கட்டம் குறைந்தது 4 பிக்சல் சதுரம். படத்தின் நீளமான பக்கம் 400 பிக்சலுக்கு மேல் என்றால் அந்த நீளத்தில் சுமார் நூறில் ஒரு பங்கு. 1920 பிக்சல் படம் என்றால் ஏறக்குறைய 20 பிக்சல் கட்டம். ஒரு வசதி பாருங்கள், சட்டம் சொல்ல மறுக்கும் எண்ணை ஒரு கடை சொல்லிவிடுகிறது. மொசைக் போட்டபின் படத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ செய்யாதீர்கள், கட்டத்தின் அளவு மாறி மறுபடி திரும்பி வரும். அசைவுப் படங்கள் இருந்தால் ஒவ்வொரு சட்டகத்திலும் மறைப்பு சரியாக நிற்கிறதா என்று மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் திரும்பி வந்த கேம்களில் நிறைய, இந்த ஒரு இடத்தில்தான் கோட்டை விட்டன.

போலீஸும் அச்சகமும் பழைய கதை. இன்று என் மேசைக்கு வரும் சிக்கல்களில் பெரும்பகுதி கிரெடிட் கார்டிலிருந்து வருகிறது. 2022 ஜூலையில் டிஎம்எம் என்ற விற்பனைத் தளத்தில் மாஸ்டர்கார்டு நின்றது. அந்த ஆண்டு இறுதியில் ஓவியர்களின் தளமான பிக்சிவ், கார்டு நிறுவனங்களின் விதிகளைக் காரணமாகக் காட்டித் தன் விற்பனைச் சேவைகளில் சில வகை உள்ளடக்கத்தைத் தடை செய்தது. 2024 மார்ச் இறுதியில் டிஎல்சைட் தன் தளத்தில் சில வகைகளின் பெயர்களைச் சட்டென்று பூசி மெழுகின சொற்களாக மாற்றியது. கார்டு வேண்டுமென்றால் வேறு வழியில்லை என்று. ஏப்ரல் 3இல் பெயர்களைத் திரும்ப வைத்துக்கொண்டு விசா, மாஸ்டர்கார்டு, அமெக்ஸ் மூன்றையும் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு நிகோநிகோ, மெலன்புக்ஸ் என்று வரிசை நீண்டது. பழைய, அச்சில் இல்லாத காமிக்ஸைச் சட்டப்படி இலவசமாகப் படிக்கத் தந்த மாங்கா லைப்ரரி இசட் நவம்பரில் பணப்பரிமாற்ற வசதி பறிபோய் மூடியது. அதைத் தொடங்கியவர் அகமாட்சு கென், 2022இல் ஆளும் கட்சி சார்பில் மேலவைக்குத் தேர்வான காமிக்ஸ் கலைஞர். நாடாளுமன்ற உறுப்பினராலேயே தான் தொடங்கிய தளத்துக்கு ஒரு கார்டு வசதியைக் காப்பாற்ற முடியவில்லை.

2025 ஜூலையில் இது கேம் விற்கும் தளமான ஸ்டீமுக்கும் வந்தது. ஆஸ்திரேலியாவின் கலெக்டிவ் ஷௌட் அமைப்பு பணப்பரிமாற்ற நிறுவனங்களுக்கு அழுத்தம் கொடுத்தபின், கார்டு நிறுவனங்களும் வங்கிகளும் வகுத்த விதிகளை மீறக்கூடிய உள்ளடக்கம் கூடாது என்று ஸ்டீம் புதிதாக எழுதிச் சேர்த்து, பல கேம்களை நீக்கியது. இட்ச் தளம் பெரியவர்களுக்கான கேம்களைத் தேடலிலிருந்தே மறைத்தது. மாஸ்டர்கார்டு, நாங்கள் எந்த கேமையும் மதிப்பிடவோ தடுக்கவோ சொல்லவில்லை என்று அறிக்கை விட்டது. ஸ்டீமை நடத்தும் வால்வ், மாஸ்டர்கார்டு நேரில் பேசவில்லை, நடுவில் இருப்பவர்கள் அதன் 5.12.7 என்ற விதியைக் காட்டினார்கள் என்றது. யார் சொன்னது என்று கேட்டால் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைக் காட்டுகிறார்கள்.

என் தனிப்பட்ட கருத்து: மொசைக் ஓர் அபத்தம், ஆனாலும் இதைவிட நேர்மையானது. 175இல் மாட்டியவருக்கு ஒரு நீதிபதி இருந்தார், மேல்முறையீடு இருந்தது, கோட்டோவியம் நிஜப் படத்தைப் போன்றதல்ல என்று எழுதிய ஒரு தீர்ப்பு கிடைத்தது. கார்டு விதியில் மாட்டியவருக்கு ஒரு தானியங்கி மின்னஞ்சல்தான் கிடைக்கும்.

இதனால் உங்கள் கேமுக்கு என் யோசனை: டிஎல்சைட் போன்ற ஜப்பானியத் தளத்தில் மொசைக்கோடு வெளியிடுங்கள். ஜப்பானின் ஜேசிபி கார்டு, கன்வீனியன்ஸ் ஸ்டோரில் ரொக்கம், முன்கூட்டி வாங்கும் புள்ளிகள் என்று வாங்குபவர்களுக்கு வழி இருக்கிறது. கூடவே பாலியல் காட்சிகள் இல்லாமலும் கதை நிற்கும்படி இன்னொரு வடிவத்தை இப்போதே திட்டமிட்டு வையுங்கள். பெரிய பெயர்கள் எல்லாம் இந்த வழியில் வளர்ந்தவைதான். 2004இல் பெரியவர்களுக்கான கணினி விளையாட்டாக வந்த ஃபேட்/ஸ்டே நைட், 2007இல் அந்தக் காட்சிகள் இல்லாமல் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. கன்சோல் பக்கம் போக அது ஒன்றே வழி.

மறைப்பில்லாத வடிவத்தை வெளிநாட்டுத் தளத்தில் போடுவதா? வேண்டாம். சர்வர் அமெரிக்காவில் இருக்கிறதே என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2014 நவம்பரில் முடித்து வைத்துவிட்டது. அந்த வழக்கில் கோப்பு அமெரிக்க சர்வரில்தான் இருந்தது, ஜப்பானில் இருப்பவர் பதிவிறக்கினார். அதுவும் 175இன் கீழ் பரப்புதலே என்றது தீர்ப்பு. மறைப்பில்லாத ஜப்பானிய கேம்கள் வெளிநாட்டில் விற்கின்றனவே என்பீர்கள். அவற்றை வெளியிடுவது அந்த நாட்டு நிறுவனம், அங்கிருந்தே விற்கிறது, ஜப்பானுக்கு விற்பதைத் தடுத்து வைக்கிறது. நிஷிகசாயில் உட்கார்ந்து நீங்களே பதிவேற்றுவது அந்த வகை இல்லை. எதிர்காலத்தில் அப்படி ஒரு நிறுவனம் ஒப்பந்தம் பேச வந்தால், கையெழுத்துக்கு முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

மதுரைப் பயணம். இங்கே விதி தலைகீழ். இந்தியாவில் மொசைக் போட்டதால் ஆபாசம் ஆபாசமில்லாமல் போகாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 294ஆம் பிரிவு, முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 292ஆக இருந்தது, ஆபாசப் பொருளை விற்பதையும் பரப்புவதையும் இறக்குமதி செய்வதையும் பிடிக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகள் இணையத்தில் அனுப்புவதைப் பிடிக்கும். சுங்கத்துக்கும் தனி அதிகாரம் உண்டு. சூசா, அக்பர் பதம்சி ஓவியங்களையே மும்பை சுங்கம் ஆபாசம் என்று பிடித்து வைத்தது, 2024 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் விடுவித்தது. உங்கள் காமிக்ஸுக்கு அந்தக் கௌரவம் கிடைக்காது. அச்சுப் பிரதி ஒன்றுகூட எடுத்துப் போகாதீர்கள். கல்லூரித் தோழிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டாம். வேலைக் கோப்புகளை ஜப்பானில் ஒரு ஹார்டு டிஸ்கில் வைத்துவிட்டு, வெறும் லேப்டாப்போடு போய் வாருங்கள்.

இதில் ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் கதாபாத்திரங்கள் வளர்ந்த ஆண்கள், அது சரி. ஆனால் காமிகெட்டில் அக்கம்பக்க மேசைகளோடு புத்தகம் மாற்றிக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது, கோப்புகளும் கை மாறும். சிறார் போலத் தோன்றும் உருவங்களைப் பாலியலாக வரைந்தவையும் அந்தச் சந்தையில் உண்டு. ஜப்பான் 2014இல் சிறார் ஆபாசப் படங்களை வைத்திருப்பதையே குற்றமாக்கியபோது வரைந்த படங்களை விட்டுவிட்டது. இந்தியா விடவில்லை. 2019 திருத்தத்துக்குப் பின் போக்சோ சட்டத்தின் வரையறையில், சிறாரைச் சித்திரிப்பதாகத் தோன்றும் உருவாக்கப்பட்ட படங்களும் வருகின்றன. பதிவிறக்கி வைத்திருப்பது மட்டும் குற்றமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னதை, உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் ரத்து செய்தது. கேமில் 18 வயது என்று அறிவிப்பு போட்டிருந்தது என்பது அங்கே உதவாது. படைப்புரிமைக்காக நான் நிறையப் பேசுகிறவன்தான். ஆனாலும் இந்த ஒரு இடத்தில் என் சாய்வு இந்தியச் சட்டத்தின் பக்கம். அப்படிப்பட்டது எதுவும் உங்கள் கையில் வந்தால் பயணத்துக்காக மட்டும் அல்ல, எப்போதைக்குமே வைத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக உங்கள் கணவரின் பயம். அவர் பயப்படுவது சரி, ஆனால் தவறான இடத்தில் பயப்படுகிறார். ஒழுங்காகப் பட்டை போட்டு காமிகெட்டில் விற்ற புத்தகத்தால் விசா போகாது. பொறியாளர் விசாவில் இருந்துகொண்டு அனுமதி இல்லாமல் வேறு தொழிலில் தொடர்ந்து வருமானம் பார்த்தால்தான் புதுப்பிக்கும்போது கேள்வி வரும். அச்சுச் செலவைப் பகிர்ந்துகொண்டு ஒருமுறை மேசை போடுவதற்கும், மாதாமாதம் உங்கள் கணக்குக்குத் தளத்திலிருந்து பணம் வருவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கேமை விற்கத் தொடங்கும் முன், விசாவுக்கு வெளியே வேலை செய்யும் அனுமதி வேண்டுமா என்று குடிவரவு விவகாரம் பார்க்கும் கியோசேய் ஷோஷி (அரசு விண்ணப்பங்களைத் தயாரித்துக் கொடுக்கும் உரிமம் பெற்றவர்) ஒருவரிடம் என்ன செய்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள். அதுவரை சர்க்கிள் தலைவராகவும் பணம் வாங்குபவராகவும் உங்கள் தோழியே இருக்கட்டும், நீங்கள் பங்கு எடுக்காதீர்கள். அலுவலகத்தில் துணைத் தொழில் பற்றிய விதியை இருவரும் பார்த்துவிடுங்கள். சம்பளம் தவிர்த்த வருமானம், செலவு போக, ஆண்டுக்கு 2 லட்சம் யென்னைத் தாண்டினால் தனியாக வரிக் கணக்குக் கொடுக்க வேண்டும். அச்சகத்தின் ரசீதையும் மேசைக் கட்டண ரசீதையும் தோழியிடம் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.